நாற்காலி என்ற ஒரு சொல்: கர்வர் வழக்கு

கர்வர் லக்சம்பர்க் எதிர் ஹோம் எக்ஸ்பிரஷன்ஸ் என்பது அமெரிக்காவின் பெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் தீர்ப்பளித்த வடிவமைப்புக் காப்புரிமை வழக்கு. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரேமண்ட் சென். உரிமைகோரலில் உள்ள ஒரு பொருளின் பெயர் காப்புரிமையின் எல்லையைச் சுருக்குமா என்பதே கேள்வி.

கர்வரின் காப்புரிமைப் படங்களில் 'ஒய்' எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோன்ற பின்னல் மட்டுமே உண்டு. நாற்காலி எந்தப் படத்திலும் இல்லை. 'நாற்காலிக்கான கோலம்' என்று வாசகம்தான் சொன்னது. ஹோம் எக்ஸ்பிரஷன்ஸ் விற்றதோ அதுபோன்ற பின்னல் கொண்ட கூடைகள். கூடையை யாரும் நாற்காலி என்று எண்ணி வாங்கமாட்டார்கள் என்று கீழ்நீதிமன்றம் வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளியது. மேல்முறையீட்டிலும் கர்வர் தோற்றது.

அந்தச் சொல் வந்த விதம் கவனிக்கத்தக்கது. விண்ணப்பம் முதலில் 'அறைகலனின் பகுதி' என்ற அளவிலேயே இருந்தது. அது தெளிவற்றது என்று சொன்ன காப்புரிமை அலுவலக ஆய்வாளர், 'நாற்காலிக்கான கோலம்' என்று திருத்தலாம் என்றார். நிறுவனம் ஏற்றது, படங்களை மாற்றவில்லை. ஆட்சேபம் தீர்ந்தால் போதும் என்று ஏற்ற சொல்லே பின்னர் வேலியானது. கர்வருக்காக அதிகம் இரங்க முடியாது. கூடையிலும் உரிமை வேண்டுமென்றால் அப்போதே அதற்கும் விண்ணப்பித்திருக்கலாம்.

பொருளைவிட்டு விலகி நிற்கும் கோலத்துக்கு இச்சட்டம் காப்புத் தருவதில்லை என்ற நீதிமன்றத்தின் அடிப்படை சரியானது. ஆனால் 'நாற்காலி' எவ்வளவு தூரம் நீளும்? முக்காலி அதில் அடங்குமா, சோபா அடங்குமா? கூடை அடங்காது என்பதோடு தீர்ப்பு நின்றுவிடுகிறது. அடுத்த வழக்கில் சண்டை இந்த இடத்தில்தான் வரும். வடிவமைப்புக் காப்புரிமையில் படமே பேசும் என்று பழகிய வழக்கறிஞர்கள் இனி அந்த ஒற்றை வரியையும் எடைபோட்டு எழுத வேண்டும்.

சொல்லால் சுருங்குவது உரிமையாளருக்கு எப்போதும் நட்டமல்ல. 2021-ல் சர்ஜிசில் வழக்கில் இதே நீதிமன்றம், உதட்டுக்குள் பொருத்தும் மருத்துவப் பொருளின் வடிவத்தை, ஓவியர்கள் கரிக்கோட்டைத் தேய்க்கும் காகிதக் குச்சியைக் காட்டி மறுக்க முடியாது என்றது. உருவம் ஒத்திருந்தாலும் பொருள் வேறு. கர்வரிடம் கூடையைப் பறித்த அதே தர்க்கம் சர்ஜிசிலுக்கு எதிரான மறுப்பை நீக்கியது.