பாட்டுக்கும் ஸனது வேண்டும்

நீலகிரி மலைப் பாதையில் பண்பலை வானொலி கேட்டுச் செல்பவர் ஒன்றை அறிவர். ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட பாட்டு, அடுத்த வளைவில் மலை மறிக்க மறைந்துவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் எல்லைக்குள் ஒலிக்கும் சமுதாய வானொலிக்கோ மலை இன்னும் பெரிய தடை. ஆயினும் மலைக் குடிகளின் குரலுக்கு இடம் தரும் நோக்குடன், ‘ரேடியோ கோத்தகிரி’ 90.4 அலைவரிசையில் தொடங்கப்பட்டது. அது பாராட்டத்தக்க முயற்சி.

இத்தகைய சிறு நிலையங்கள் பலவற்றில் பழைய திரைப்பாடல்களுக்குத் தனி நேரம் உண்டு. அதை நாம் குறை கூறவில்லை. இசை கூடுமா, கூடாதா என்னும் ஃபிக்ஹு விவாதத்திற்கும் இது இடமன்று. எந்த நிலையத்தையும் சுட்டாமல், பொதுவாகப் பரவிவிட்ட ஒரு வழக்கத்தையே பேசுகிறோம். ‘அடுத்து ஒரு பழைய பாடல்’ என்கிறார்கள். மிஞ்சினால் நடிகரின் பெயரைச் சொல்கிறார்கள். எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்பதில்லை. வாயசைத்தவருக்கே பாட்டு உரிமையாகிவிடுகிறது!

முன்னர் இப்படியில்லை. 1952க்குப் பின் அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரையிசையை ஒதுக்கியபோது, நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித்பாரதி பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இலங்கைத் தமிழ் அறிவிப்பாளர்கள் படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என வரிசையாகச் சொல்லிய பின்னரே இசைத்தட்டைச் சுழலவிடுவர். நம் சமுதாயத்தவரான பி. எச். அப்துல் ஹமீது அவர்களின் பிழையற்ற தமிழ் அம்மரபில் விளைந்ததே. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி, உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் குடியேறிய தோட்டத் தொழிலாளர் பலருக்கு அது பழகிய குரல்.

மதரஸாவில் ஓதி முடித்தவர்க்கு வழங்கப்படும் ‘ஸனது’ என்னும் சொல், யாரிடமிருந்து யார் வழியாக வந்தது எனக் காட்டும் தொடரையே குறிக்கும். ஹதீஸின் கண்ணியத்தோடு திரைப்பாட்டை ஒப்பிடுகிறோம் என யாரும் எண்ண வேண்டாம். பாட்டுக்கே இம்முறையைக் கையாண்ட பெரியார் ஒருவர் இருந்தார். ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல் இஸ்ஃபஹானீ தொகுத்த ‘கிதாபுல் அகானீ’ என்னும் பெருநூல், பாட்டை மட்டும் தந்து நின்றுவிடவில்லை. இயற்றிய கவிஞர், மெட்டமைத்தவர், தாளம், செய்தியைச் சொன்னவர் என ஒவ்வொன்றாக உரைக்கிறது. அந்த மெட்டுகள் இன்று நம் செவிக்கு எட்டவில்லை. பெயர்களோ ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றன. நம் நிலைமையோ நேர்மாறு. மெட்டு நிற்கிறது, பெயர் அழிகிறது.

இதனால் விளையும் இழப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1957இல் வந்த ‘முதலாளி’ படத்தின் ஏரிக்கரைப் பாட்டை முணுமுணுக்காத முதியவர் அரியர். பாடியவர் டி. எம். சௌந்தரராஜன், இசை கே. வி. மகாதேவன். எழுதியவர் கவி கா. மு. ஷெரீஃப் என்று எத்தனை பேர் அறிவர்? நம் இல்லத்துப் பிள்ளைகளே அறியார். நாகூர் ஈ. எம். ஹனீஃபாவின் பாடல்களை விழாதோறும் ஒலிபரப்பும் நாமும் அவற்றை எழுதிய புலவர்களின் பெயர்களைச் சொல்வதில்லை. எனவே இக்குறை வானொலிக்கு மட்டும் உரியதன்று.

2006ஆம் ஆண்டு நெறிமுறைகள், சமுதாய வானொலி நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும் என்கின்றன. பழைய பாடல் நேரத்தையே அதற்குப் பயன்படுத்தலாமே! தேயிலைத் தோட்ட லயத்து மூதாட்டியை அழைத்து, இப்பாட்டை முதலில் எங்கே கேட்டீர்கள் எனக் கேட்கலாம். படகர், தோடர், கோத்தர் பாடல்களையும் நம் பெண்களின் தாலாட்டுகளையும், யாரிடம் கற்றது என்னும் குறிப்போடு பதிவு செய்யலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை; பாட்டுக்கு முன் அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் ஒரு கவிஞனுக்கு அவனுடைய உரிமை திரும்பக் கிடைக்கிறது. பிறர் உரிமையை உரியவரிடம் ஒப்படைப்பது அமானிதம் என்பதை நாம் பிறர்க்குச் சொல்லுமுன், நம் மேடைகளிலேயே தொடங்குவோமாக.