ரதியின் தடை: காமன் கூத்தில் துணிவும் எச்சரிக்கையும்

மலையகத் தமிழரின் கலைகளைப் பற்றி எழுதுவோர் காமன் கூத்தை வளச் சடங்காகவோ, தமிழகத்திலிருந்து கொணரப்பட்ட மரபின் எச்சமாகவோ நோக்குதல் வழக்கம். இந்நோக்குகள் பிழையானவை அல்ல. ஆயினும் கூத்தின் நடுவே ரதிக்கும் மன்மதனுக்கும் நிகழும் தர்க்கம் இவற்றுள் அடங்குவதில்லை. மாத்தளை மாவட்டத் தோட்ட மக்களின் வரலாற்றோடு வைத்துப் பார்க்கும்போது அத்தர்க்கமே கூத்தின் உயிர்நிலை என நாம் கருதுகின்றோம்.

கதை யாவரும் அறிந்ததே. சூரனால் நலிந்த தேவர்கள் சிவனது தவத்தைக் கலைக்குமாறு மன்மதனை ஏவுகின்றனர். ஓலை வருகின்றது. தீக்கனவு கண்ட ரதி தடுக்கின்றாள். மன்மதன் புறப்பட்டு எரிகின்றான். இதனைத் துணிவுக்கும் அச்சத்துக்கும் இடையிலான போராட்டமாகக் கொண்டு ரதியை வெறும் புலம்பற் பாத்திரமாகக் குறுக்கிவிடுதல் எளிது. ஆனால் யாருடைய காரியத்துக்காக யார் எரிவது என்ற வினா அவளது தடையில் உள்ளது. ஓலை அனுப்பிய தேவருள் ஒருவரேனும் எரியவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளர் பலர் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மாத்தளையை அடைந்தனர். காலராவினாலும் காய்ச்சலினாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். கங்காணி கொடுத்த முற்பணம் புறப்படும்போதே கடனாக ஏறியிருந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது துரைமார் இழந்தது மூலதனத்தை; இவர்கள் அதற்கு முன்னரே உயிரைப் பணயம் வைத்திருந்தனர். கூத்தின் கதை இப்பயணத்துக்கு முற்பட்டது. எனவே ஓலையைக் கங்காணியின் அழைப்புக்குக் குறியீடாக்குதல் மிகையாகும். எனினும் ஏவப்பட்டுச் சென்றோரின் வழித்தோன்றல்கள் அதனை ஆண்டுதோறும் மாசியில் ஆடி வந்தனர் என்பதை விமர்சனம் புறக்கணிக்க இயலாது.

வேடமேற்று ஆடும் புனைவு விளையாட்டுக்கள் இன்று உலகெங்கும் பரவியுள்ளன. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ அவற்றின் முன்னோடி. அங்கு முன்னேறுவதா பின்வாங்குவதா என்பதை ஆடுபவரே தீர்மானிக்கிறார். விளைவைப் பெரும்பாலும் பகடை கூறுகின்றது. காமன் கூத்தில் மன்மதனாக வேடமிட்டவர் திரும்பிச் செல்ல முடியாது. முடிவு முன்னரே தெரிந்தது. ஆகவே எச்சரிக்கை பாத்திரத்திடமிருந்து சமூகத்தின் கைக்கு மாறுகின்றது. வேடமேற்போர் காப்புக் கட்டி விரதம் காக்கின்றனர். உக்கிரத்தோடு வரும் வீரபத்திரனைப் பல தோட்டங்களில் கயிறு பிணித்து இழுத்துப் பிடிக்கின்றனர். எரிந்தவனை மூன்றாம் நாள் எழுப்புகின்றனர். ஆவேசம் எல்லை மீறலாம் என்பதை அறிந்தவர்களே அத்தனை பேர் கயிற்றைப் பற்றி நிற்கின்றனர். ஆட்டத்தின் துணிவு முழுவதும் இக்கயிற்றை நம்பியே நிகழ்கின்றது. அழகியல் பேசுவோர் இதனை ஏனோ ஒப்பனையோடு சேர்த்து விட்டுவிடுகின்றனர்.

ஒரு குறையையும் சொல்லவேண்டும். மரபுவழி ரதி வேடத்தை ஆண்களே ஏற்றனர். மன்னார்ப் பாதையில் பிள்ளையை இடுப்பில் சுமந்து நடந்தவளும், பின்னர் மலையிற் கொழுந்து பறித்தவளும் பெண்ணே. ஓலையை மறுக்கும் வாதம் ஆணின் குரலில் ஒலிக்க, அவள் லயத்து வாசலில் நின்று அதனைக் கேட்டாள்.