சான்றிதழ் கலெக்டரிடம், வாசல் வார்டனிடம்

ஓமலூரிலிருந்து சேலம் போகும் டவுன் பஸ்ஸில், வெள்ளைப் பலகை மாட்டியிருந்தால், பெண்கள் டிக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் பெண்களுக்கு அறிவித்த இந்தச் சலுகையை அடுத்த சில வாரங்களிலேயே திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு விரிவாக்கியது. அதற்காக எந்தச் சட்டத்தையும் திருத்தவில்லை. பெண் என்பவர் யார் என்று எந்த நீதிமன்றத்திலும் வாதாடவில்லை. வண்டியின் குலுக்கலில் கண்டக்டர் ஆளைப் பார்க்கிறார், காசில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், அடுத்தவரிடம் நகர்கிறார்.

பிரிட்டன் இதே கேள்வியில் பல ஆண்டுகளாகச் சிக்கிக் கிடக்கிறது. மருத்துவச் சான்று இல்லாமல், தன் அறிவிப்பின் பேரிலேயே பாலினத்தைச் சட்டப்படி மாற்றிக்கொள்ள வழிசெய்யும் மசோதாவை ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது. அடுத்த மாதமே லண்டன் அரசு அதைத் தடுத்து நிறுத்தியது. ஸ்காட்லாந்தில் பாலியல் வன்கொடுமைக் குற்றவாளியான திருநங்கை ஒருவர் பெண்கள் சிறைக்கு அனுப்பப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் ஆண்கள் சிறைக்கு மாற்றப்பட்டதும் அதே மாதத்தில்தான். கடைசியில் 2025 ஏப்ரல் 16 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம், 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தைப் பொறுத்தவரை பிறப்பால் பெண்ணானவரே பெண் என்று தீர்ப்பளித்தது. அங்கே இரு தரப்பும் ஒரே ஒரு வரையறையைக் கேட்டன. கிடைத்த வரையறையால் சண்டை ஓய்ந்துவிடவும் இல்லை.

நம் ஊரில் அந்தச் சண்டை இல்லை. அதனால் நாம் பரந்த மனத்தோடு இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டை வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டு நடைமுறை திருநங்கைகளுக்குக் கொடுப்பதில் தாராளமானது. 2008-இல் நாட்டிலேயே முதல் முறையாக அவர்களுக்கென நலவாரியம் அமைத்தது இந்த மாநிலம். குடும்பத் தலைமை வகிக்கும் திருநங்கைகளையும் மகளிர் உரிமைத்தொகைத் திட்டம் குடும்பத் தலைவிகளாகவே கணக்கில் எடுத்தது. அட்டை, தொகை, பயணம் என்று கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு, பெண்களுக்கென ஒதுக்கிய ஓர் அறைக்குள் யார் வரலாம் என்ற கேள்வியை மட்டும் எழுதாமல் விட்டுவிடுகிறது. எழுதாத விதியை நிறைவேற்றும் பொறுப்பு யார் தலையில் விழுகிறது? கழிப்பறை வாசலில் காசு வாங்குபவர் தலையில், விடுதி வார்டன் தலையில், இரவுப் பணியிலிருக்கும் காவலர் தலையில்.

மேலிடத்துச் சட்டத்திலும் குழப்பம் இல்லாமல் இல்லை. 2014 ஏப்ரல் 15 அன்று, தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் அளித்த தீர்ப்பு, ஒருவர் தன் பாலினத்தை ஆண், பெண், மூன்றாம் பாலினம் என்று தாமே தீர்மானித்துக்கொள்ளலாம் என்றது. அறுவைச் சிகிச்சையைக் கட்டாயமாக்குவது சட்டவிரோதம் என்றும் சொன்னது. ஐந்து ஆண்டுகள் கழித்து நாடாளுமன்றம் இயற்றிய 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதைப் பாதியாக வெட்டியது. முதலில் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்தால் ‘திருநர்’ என்ற சான்றிதழ் கிடைக்கும் என்றது. 2020 விதிகளின்படி அதற்கு மருத்துவப் பரிசோதனை தேவைப்படவில்லை. அதன்பின் ‘ஆண்’ அல்லது ‘பெண்’ என்று மாற்ற வேண்டுமானால் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதற்கு மருத்துவ அதிகாரியின் சான்று வேண்டும் என்று வைத்தார்கள். முந்தைய மசோதாவில் இருந்த மாவட்டத் தேர்வுக் குழுவை எதிர்ப்புக்குப் பயந்து வாசல் வழியே அனுப்பிவிட்டு, மருத்துவரைப் பின்கட்டு வழியே உட்கார வைத்தது போலத்தான் இது.

இந்த இரண்டாம் படியை ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ‘பெண்’ என்ற பதிவோடு விடுதி, சிறை, இடஒதுக்கீடு எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன; வெறும் உறுதிமொழிப் பத்திரத்தின் பேரில் அத்தனையையும் திறந்துவிட முடியுமா என்கிறார்கள். கேள்வி நியாயமானது, மருந்துதான் தவறு. ஒரு விடுதி அறையில் இன்னொருவரோடு நம்பித் தங்கலாமா என்பதை எந்த அறுவைச் சிகிச்சையும் சொல்லாது. சிகிச்சைக்குப் பணம் இல்லாதவரை, உடல்நிலை இடங்கொடுக்காதவரை, விருப்பமே இல்லாதவரை அது வடிகட்டும், அவ்வளவுதான். சான்றிதழும் இடமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருப்பதுதான் கோளாறு. 2024 நவம்பர் 1 முதல் ஜெர்மனியில் நடைமுறைக்கு வந்த சட்டம் இந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தது. பதிவேட்டில் பெயரையும் பாலினத்தையும் அறிவிப்பின் பேரில் மாற்றிக்கொள்ளலாம்; ஓர் இடத்தை நடத்துபவர் அதற்குள் யாரை அனுமதிக்கலாம் என்ற உரிமையில் அது கைவைக்கவில்லை. அதிலும் வழக்குகள் வரும். ஆனாலும் ஒருவர் யார் என்பதும், ஓர் அறையில் யார் தங்கலாம் என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதையாவது அது ஒப்புக்கொண்டது.

சேலத்துக்காரரான பிரித்திகா யாஷினியின் வழக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. 2015-இல் காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு அவர் விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. சான்றிதழ்களில் பழைய பெயர். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் உயர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்யநாராயணாவும் அவரைப் பணிக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள், அடுத்த தேர்விலிருந்து மூன்றாம் பாலினத்துக்கும் இடம் வைக்கச் சொன்னார்கள். 2017 ஏப்ரலில் அவர் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் பொறுப்பேற்றார். இந்த வழக்கை நாடே கொண்டாடியது, அது சரிதான். கொண்டாட்டத்தில் கவனிக்காமல் விட்டது, நீதிமன்றம் எவ்வளவு அடக்கத்தோடு இந்த வேலையைச் செய்தது என்பதைத்தான். தத்துவ விசாரணையில் பெரிதாக இறங்காமல், தகுதியுள்ள ஒருவரைப் படிவத்தின் குறையால் வெளியே நிறுத்தக் கூடாது என்ற அளவில் நின்று நிவாரணம் கொடுத்தது. தமிழ்நாட்டு முறையின் பலம் இதுதான். அதன் பலவீனமும் இதிலேயே இருக்கிறது, ஏனென்றால் அடுத்தவர் வந்தால் அவரும் வழக்குப் போட வேண்டும்.

படிவத்தில் கட்டம் வந்த பிறகு நடந்தது இன்னும் சிக்கலானது. அரசுப் பணித் தேர்வு அறிவிக்கைகளில் திருநங்கைகளைப் பெண்களுக்கான 30 சதவீதத்துக்கும் பொதுப்பிரிவுக்கும் கணக்கில் எடுத்தார்கள். சாதிச் சான்றிதழ் இல்லாதவர்கள் மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேரலாம் என்றார்கள். பெண்களின் பங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பதா என்று ஒரு பெண் கேட்டால் அவரை வெறுப்பாளர் என்று முத்திரை குத்துவது சோம்பேறித்தனம். உண்மையில் இந்த ஏற்பாடு இரு தரப்பையும் ஒரே தட்டுக்கு முன்னால் உட்கார வைத்தது. 2011 கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்று பதிவானவர்கள் தமிழ்நாட்டில் 22,364 பேர். இந்தச் சிறு கூட்டத்தால் பெண்களின் வாய்ப்பு பறிபோகிறது என்பது மிகைதான், ஆனால் முறை என்ற அளவில் பிழை பிழைதான். கிடைமட்ட இடஒதுக்கீடு இந்தப் பிணக்கைத் தீர்க்கும். எந்தச் சாதிப் பிரிவில் பிறந்தாரோ அந்தப் பிரிவுக்குள்ளேயே திருநருக்கென ஒரு சிறு பங்கு. பெண்கள் பங்கைத் தொட வேண்டாம், பட்டியலினத்தவர் தம் சாதி உரிமையை விட்டுவிட்டு வரவும் வேண்டாம். திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டது இதைத்தான். கர்நாடகம் 2021-இல் 1 சதவீதம் கொடுத்தது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமும் இங்கே அப்படியே செய்யச் சொன்னது. முற்போக்கில் கர்நாடகத்தை முந்தியதாகப் பெருமைப்படும் மாநிலத்துக்கு இதை நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

இனி கழிப்பறைக்கு வருவோம், எல்லா நாட்டிலும் இந்த விவாதம் கடைசியில் அங்கேதான் போய் நிற்கிறது. 2014 தீர்ப்பு திருநருக்குத் தனிக் கழிப்பறை கட்டச் சொன்னது. 2017-இல் தூய்மை இந்தியா திட்டத்தின் வழிகாட்டுதல், ஆண்கள் பக்கமோ பெண்கள் பக்கமோ தமக்கு ஏற்றதைத் திருநர் பயன்படுத்தலாம் என்றது. இரண்டு உத்தரவும் வேறு வேறு பாதை. தனிக் கழிப்பறை என்பது பெருநகரத்து ரிப்பன் வெட்டுக்கு நல்லது. ஓமலூர், தாரமங்கலம், மேச்சேரி போன்ற ஊர்களின் பேருந்து நிலையத்தில் பெண்களுக்கே போதுமான கழிப்பறை வேண்டும் என்று மன்றாட வேண்டிய நிலையில், மூன்றாவதாக ஒன்றைக் கட்டினாலும் பூட்டித்தான் வைப்பார்கள். பூட்டாமல் வைத்தாலும், அதற்குள் போகும் ஒவ்வொருவரும் பேருந்து நிலையம் முழுக்கத் தன்னை அறிவித்துவிட்டுப் போக வேண்டும்.

எங்கள் பகுதிப் பெண்களோடு இதைப் பேசியபோது திருநங்கையைப் பற்றிய பயம் அதிகம் வெளிப்படவில்லை. தாழ்ப்பாள் உடைந்த கதவைப் பற்றியும், வெளிச்சமில்லாத நடையைப் பற்றியும், செல்போனை உயர்த்திப் பிடிக்கும் கையைப் பற்றியும்தான் பேசினார்கள். பெண்களுக்கான இடத்தில் அத்துமீறும் ஆண் எவனும் இதுவரை கலெக்டரிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்ததில்லை. ஒவ்வொரு அறைக்கும் தரையிலிருந்து கூரைவரை சுவரும், உள்ளிருந்து போடும் தாழ்ப்பாளும் இருந்தால் பேருந்து நிலையக் கழிப்பறையைப் பற்றிய தகராறில் பெரும்பகுதி பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டுப் பட்டியலில் முடிந்துவிடும்.

விடுதி அப்படியல்ல. சேலம், நாமக்கல் பகுதியில் நூற்பாலை விடுதிகளிலும் கல்லூரி விடுதிகளிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கியிருக்கிறார்கள். ஒரு அறையில் பலர், பொதுக் குளியலறை, உடை மாற்றத் தனி மறைப்பு இல்லை. வீட்டை விட்டு முதன்முதலாக வந்த பதினெட்டு வயதுப் பெண், ஆண் உடலோடு இருக்கும் ஒருவரோடு அறையைப் பகிர முடியாது என்று சொன்னால் அது அவருடைய கூச்சம், அவருடைய உரிமை; பாடம் எடுத்துத் திருத்த வேண்டிய குற்றமில்லை. அதே வேளையில், கல்லூரியில் இடம் கிடைத்த ஒரு திருநங்கை மாணவியை ஆண்கள் விடுதிக்கு அனுப்புவது என்ன ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. இந்த இருவருக்கும் இடையே நியாயம் செய்யத் தனி அறைகள் சில போதும், அதுவும் பெண்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயே. இன்று நடப்பது என்ன? வார்டன் வாய்மொழியாக “இடமில்லம்மா” என்கிறார். காரணம் எழுத்தில் இல்லை, ஆகவே மேல்முறையீடும் இல்லை. மாணவி வாடகைக்கு வீடு தேடுகிறார், வீட்டுக்காரர் கதவைச் சாத்துகிறார், படிப்பு நிற்கிறது. எந்தப் பதிவேட்டிலும் இது பாகுபாடாக ஏறுவதில்லை. மறுத்தால் எழுதி மறு, அதை யாரிடம் முறையிடலாம் என்றும் சொல் என்ற ஒற்றை விதி எவ்வளவோ செய்யும்.

காவலில் எடுக்கும்போது ஆபத்து இன்னும் பெரியது. பெண்ணைப் பெண் காவலர்தான் சோதனையிட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறை பற்றிய சட்டம். திருநங்கையை யார் சோதனையிடுவது? தன்பாலின, திருநர் மக்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷின் தொடர் உத்தரவுகளின் பலன் அது. அதே ஆண்டு ஜனவரியில் மத்திய உள்துறை, சிறைகளில் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் தனித்தனி அடைப்பு வேண்டும், அது தனிமைச் சிறையாகிவிடவும் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதியது. சிறையைப் பொறுத்தவரை இதுவே சரியான திசை என்பது என் கருத்து. இங்கே ஸ்காட்லாந்து தவறு செய்தது. கைதி தன் அறையைத் தேர்ந்தெடுத்து வந்தவர் அல்ல, எழுந்து போகவும் முடியாதவர். அங்கே சான்றிதழை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. குற்றத்தின் தன்மை, உடல், அவருக்கே உள்ள ஆபத்து எல்லாவற்றையும் ஆள் ஆளாகப் பார்க்க வேண்டும்.

சட்டம் தரும் தண்டனையிலும் ஒரு பள்ளம் உண்டு. 2019 சட்டத்தை இயற்றியபோது, திருநர் ஒருவரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை தண்டனை என்று வைத்தார்கள். பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது பத்து ஆண்டு. பெண்களின் பாதுகாப்பைப் பற்றி ஓயாமல் பேசும் இந்த விவாதத்தில் இந்த எண்களை யாரும் எடுத்துவைப்பதில்லை என்பது எனக்கு வியப்பு.

விளையாட்டைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெண்கள் பிரிவு உடல் வேறுபாட்டுக்காகவே உண்டானது. அங்கே அடையாளம் மட்டும் போதாது. ஆனால் சோதனைக்கு விலை உண்டு. பெண்ணாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்த புதுக்கோட்டை மாவட்டத்து சாந்தி சௌந்திரராஜன், 2006 தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியைப் பாலினச் சோதனையால் இழந்தார். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. முடிவைச் சொல்லும் முறையிலாவது, வீராங்கனையின் உடலைத் தலைப்புச் செய்தியாக்காமல் இருக்க வேண்டும்.

இத்தனை நேரமும் திருநங்கையைப் பற்றியே பேசினேன், விவாதமும் அப்படித்தான் போகிறது. திருநம்பிகள் இதில் எங்குமே வருவதில்லை. பிறப்பால் பெண் என்பதே அளவு என்றால், தாடி வைத்த திருநம்பி பெண்கள் பக்கம்தான் போக வேண்டும். அந்த விதியைக் கேட்டவர்களே அவரைப் பார்த்தால் கூச்சலிடுவார்கள். நம் தேர்வு அறிவிக்கைகளிலோ திருநம்பியைப் பொதுப்பிரிவில் மட்டும் வைத்தார்கள். பெண் பெயரில் பள்ளி முடித்து, பெண்ணாக அடக்கி வளர்க்கப்பட்டு, வீட்டார் மாப்பிள்ளை பார்க்கும்போது ஓடிவந்த ஒருவர் ‘திருநர் (ஆண்)’ என்று உண்மையை எழுதினால், நேற்றுவரை இருந்த 30 சதவீதப் பங்கு போகும், புதிதாக ஒன்றும் வராது. எழுதாமல் ‘பெண்’ என்றே விண்ணப்பித்தால் வேலை கிடைக்க வாய்ப்பு கூடும், ஆனால் பணிக்காலம் முழுக்கப் பழைய பெயரில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டில் எது என்று படிவத்தை நிரப்பும் அந்தச் சில நிமிடங்களில் அவர் முடிவெடுத்தாக வேண்டும்.