'ஆம்' ஒட்டும் 'நாகி'யும்: மீண்டு வந்த மர்மத் தொடர்கள் குறித்த பார்வையாளர் எதிர்வினை – ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

முடிந்துபோன தொடர் ஒன்று பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்கப்படும்போது அதன் பழைய பார்வையாளருள் ஒரு பகுதியினர் குறை கூறுவது இயல்பு. 'பழையது போல் இல்லை' என்பதே அக்குறையின் பொது வடிவம். திறனாய்வாளர் இதனைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிடுவதே பெருவழக்கு. நடிகரின் முதுமை, பார்வையாளரின் இளமை நினைவு ஆகியவை இத்தகைய எதிர்வினைக்குக் காரணமாக அமைதல் உண்மையே. எனினும் பேய், ஆவி முதலிய இயல்கடந்த நிகழ்ச்சிகளை ஆராயும் தொடர்களில் இவ்விளக்கம் போதுமானதன்று. அத்தொடர்களின் பார்வையாளர் குறை கூறும்போது, 'இதை யார் சொல்கிறார், எந்த உறுதியுடன் சொல்கிறார்' என்னும் மொழிசார் வினாவையே எழுப்புகின்றனர் என்பது இக்கட்டுரையின் கருத்து. கொல்கத்தாவில் வழங்கும் தாராநாத் தாந்திரிக் கதைகளும், 'எக்ஸ் ஃபைல்ஸ்' என்னும் அமெரிக்கத் தொடரும் இதற்குச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

2. கேள்விப்பொருள் உணர்த்தும் இடைச்சொற்கள்

கூறப்படும் செய்தி நேரிற் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, ஊகித்ததா என்பதை இலக்கணக் கூறுகளால் வேறுபடுத்தும் மொழிகள் பல. இதனைச் சான்றுநிலை எனலாம். தமிழில் 'அவன் பேயைப் பார்த்தான்' என்பதற்கும் 'அவன் பேயைப் பார்த்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இத்தகையது. பின்னதில் பேசுவோர் செய்தியைத் தருகிறார். ஆனால் அதற்குப் பொறுப்பேற்கவில்லை. ஐயத்தைக் குறிக்க இடைச்சொல்லைப் பயன்படுத்துவது தமிழுக்குப் புதிதன்று. 'கொல்' என்பதற்கு ஐயப்பொருளைத் தொல்காப்பியரே கூறியுள்ளார்.

வங்கமொழியில் இப்பணியைப் பெரிதும் ஆற்றுவது 'நாகி' என்னும் இடைச்சொல். 'ஓ நாகி பூத் தேகேச்சே' என்னும் தொடர் தமிழில் 'அவன் பேயைப் பார்த்தானாம்' என்றே பொருள்படும். இதே சொல் தொடரின் இறுதியில் வரும்போது வினாவாகிவிடும். பிறர் கூற்றும் வினாவும் ஒரே சொல்லில் அமைந்திருத்தல் கருதத்தக்கது. கேட்டதைச் சொல்வதிலேயே ஒரு வினா மறைந்துள்ளது போலும். ஆங்கிலத்திலோ இதற்கென இலக்கண ஒட்டு இல்லை. தனிச்சொற்களையோ தனித் தொடரையோ சேர்த்தே இப்பொருளை உணர்த்த வேண்டும்.

3. மட் லேன் வீடும் கேட்போர் இருவரும்

'பதேர் பாஞ்சாலி'யால் தமிழ் வாசகர் நன்கறிந்த பிபூதிபூஷண் பந்தோபாத்யாய (1894–1950) தாராநாத் என்னும் தாந்திரிகரை வைத்து எழுதியவை இரண்டு கதைகளே. அவர் மறைவுக்குப் பின் அவருடைய மகன் தாராதாஸ் பந்தோபாத்யாய (1947–2010) அப்பாத்திரத்தை மீட்டெடுத்துப் பல கதைகள் எழுதினார். ஆகவே தாராநாத் அச்சிலேயே ஒருமுறை மீண்டு வந்தவர். பின்னர் ரேடியோ மிர்ச்சியின் கொல்கத்தா நிலையம் 2009இல் தொடங்கிய 'சன்டே சஸ்பென்ஸ்' என்னும் கதை நிகழ்ச்சி அவரைக் குரல்வடிவில் மீட்டது. 2019இல் கியூ என அறியப்படும் இயக்குநர், ஜயந்த் கிருபளானியைத் தாராநாத்தாகக் கொண்டு 'ஹொய்சொய்' தளத்துக்கு ஒரு தொடரை உருவாக்கினார்.

இக்கதைகளின் அமைப்பு எளியது. கொல்கத்தாவின் மட் லேனில் சோதிடம் பார்த்துக் காலந்தள்ளும் தாராநாத்தைக் கதைசொல்லியும் அவருடைய நண்பர் கிஷோரியும் காணச் செல்கின்றனர். தாராநாத் தம் இளமையில் கண்டவற்றைக் கூறுகிறார். அவர் வாக்கியங்களில் 'நாகி' வேண்டியதில்லை; ஏனெனில் அவர் 'கண்டேன்' என்கிறார். ஆனால் வாசகருக்கு அது நேரே வரவில்லை. 'கண்டேன் என்று அவர் சொன்னார்' என்ற வடிவிலேயே வருகிறது. இங்கு 'ஆம்' என்னும் ஒட்டு சொல்லளவில் இல்லை; கதைச் சட்டக அளவில் இருக்கிறது. நம்புவதா, வேண்டாவா என்பது கேட்போரிடமே விடப்படுகிறது. அச்சம் பிறப்பது இந்த இடைவெளியிலேயாம்.

வானொலியில் இச்சட்டகம் சிதைவதில்லை. குரல் என்பது சொல்லுதலே. கேட்பவர் கிஷோரிக்கு அருகில் அமர்ந்த மூன்றாமவர் ஆகிவிடுகிறார். திரையில் நிலை வேறு. காட்சிக்கு 'ஆம்' ஒட்டு இல்லை. சுடுகாட்டில் ஓர் உருவம் எழுவதைத் திரை காட்டிவிட்டால், அது எழுந்தது. எழுந்ததாம் என்று திரையால் எளிதிற் சொல்ல இயலாது. அச்சிலும் வானொலியிலும் தாராநாத்தை அறிந்தவர் 'என் மனத்திலுள்ள தாராநாத் இவரல்லர்' எனக் கூறுவாராயின், அது நடிகரின் முகத்தைப் பற்றிய தீர்ப்பு மட்டுமன்று. ஐயுறுவதற்குத் தமக்கிருந்த உரிமை பறிபோயிற்று என்பதே அதன் ஆழ்பொருள் எனலாம்.

4. 'எக்ஸ் ஃபைல்ஸ்': சான்றுநிலை முறிவு

1993 முதல் 2002 வரை ஒளிபரப்பாகிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' 2016இல் ஆறு பகுதிகளோடும் 2018இல் பத்துப் பகுதிகளோடும் மீண்டு வந்தது. இதன் பார்வையாளர் மொழியுணர்வு மிக்கவர் என்பதற்கு ஒரு சான்று உண்டு. இரு பாத்திரங்களின் காதல் உறவை விரும்புவோரைக் குறிக்கும் 'ஷிப்பர்' என்னும் சொல் 1990களில் இவர்களிடையே பரவியது. 'ரிலேஷன்ஷிப்' என்பதன் ஈற்றிலுள்ள விகுதி தனிப்பெயராகவும் வினையாகவும் மாறியமை மொழியியலார் கருதத்தக்க நிகழ்வு.

இத்தொடரின் கட்டமைப்பே சான்றுநிலை வேறுபாட்டில் நிற்கிறது. மல்டர் நம்புகிறார், ஸ்கல்லி சான்று கேட்கிறார். திரையின் அடியில் எழுத்தாகத் தோன்றும் இடமும் நேரமும் நிகழ்ச்சிக்கு ஓர் ஆவணத் தன்மையைத் தருகின்றன. அங்ஙனம் தரப்பட்டவற்றைப் பார்வையாளர் 'நடந்தது' என ஏற்று, விளக்கத்தை மட்டும் ஐயுற்றனர். இதுவே எழுதப்படாத உடன்பாடு.

2016இன் இறுதிப் பகுதி உலகெங்கும் பரவும் கொள்ளைநோயைக் காட்டி முடிந்தது. 2018 ஜனவரி 3 அன்று ஒளிபரப்பான பகுதியோ அது ஸ்கல்லி கண்ட தோற்றம் என்றது. மொழியியல் நோக்கில் கூறினால், 'நடந்தது' என்று முடிந்த வினைமுற்றுக்கு ஈராண்டு கழித்து வேறோர் ஒட்டுச் சேர்க்கப்பட்டது. பார்வையாளர் பலர் இதனை ஏமாற்று எனக் கருதிச் சினந்தனர். கதை அவர்கள் விரும்பிய வழியிற் செல்லாமை மட்டும் இதற்குக் காரணமன்று; முன்பு சொன்ன வாக்கியத்தின் சான்றுநிலை பின்னோக்கி மாற்றப்பட்டதே காரணம்.

இதற்கு மாறாக, 2016இல் டேரின் மார்கன் எழுதி இயக்கிய மூன்றாம் பகுதி பெரும் பாராட்டைப் பெற்றது. மனிதனாற் கடியுண்டு மனிதனாக மாறும் பல்லியுருவ உயிரி ஒன்று, தன் கதையைக் கல்லறைத் தோட்டத்தில் மல்டரிடம் கூறுவதே அதன் நடுப்பகுதி. காட்சிகள் விரிந்தாலும் அவை அவ்வுயிரியின் கூற்றாகவே அமைகின்றன; மல்டரும் அதனை உடனே நம்புவதில்லை. மட் லேன் வீட்டின் அமைப்பு இங்கும் உள்ளது. எனவே திரைக்குச் சான்றுநிலை இயலாதது என்பது பொருந்தாது. மொழியில் ஓர் ஒட்டு செய்வதைத் திரை சட்டகம் அமைத்துச் செய்ய வேண்டியுள்ளது என்பதே சரி. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையின் 'விடாது கருப்பு'ம் இதனை அறிந்திருந்தது. கருப்பு தண்டிக்கிறது என்னும் ஊர்ப்பேச்சையும் உளநோய் என்னும் விளக்கத்தையும் அது அடுத்தடுத்து நிறுத்தியமை நினைக்கத்தக்கது.

5. பெயர்களும் மொழிபெயர்ப்பும்

வங்கத்தில் பேய்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. சங்கு வளையணிந்த மணமான பெண்ணின் ஆவி ஷாக்சுன்னி. மீனுக்கு அலைவது மேச்சோ பூத். வில்வ மரத்தில் உறையும் அந்தணர் ஆவி பிரம்மதைத்ய. இவை அனைத்தையும் 'பேய்' என்று பெயர்த்தால் சாதியும் மணநிலையும் உணவும் மறைந்துவிடும். பிரம்மதைத்யவைப் 'பிரம்மராட்சசன்' என்பதும் முழுதும் பொருந்தாது. வங்கக் கதைகளில் அது பெரும்பாலும் உதவும் இயல்பினது. சதுப்புநிலத்து ஒளியாகிய ஆலேயாவுக்குக் 'கொள்ளிவாய்ப் பிசாசு' ஏறக்குறைய ஒத்துவரும்.

இவற்றுள் நிஷி தனித்து நோக்கத்தக்கது. அது இரவில் அறிந்தவர் குரலில் பெயர் சொல்லி அழைக்கும். ஆனால் இருமுறைக்கு மேல் அழைக்க அதனால் இயலாது. ஆதலின் மூன்றாம் அழைப்புக்கே விடை சொல்ல வேண்டும் என்பது நம்பிக்கை. குரலை உடனே நம்பாதே, மூன்றாம் சான்று வரும்வரை காத்திரு என்னும் இவ்விதி சான்றுநிலையின் நாட்டார் வடிவமே.

த.நா. குமாரசாமி, சு. கிருஷ்ணமூர்த்தி முதலியோர் வங்கத்திலிருந்து நேரே தமிழாக்கிய மரபு நமக்குண்டு. இன்றோ திரைத்தொடர்களின் வசனங்கள் ஆங்கிலத் துணையெழுத்தின் வழியாகத் தமிழுக்கு வரும் வாய்ப்பு மிகுதி. அவ்வழியில் 'நாகி' ஆங்கிலத்தில் உதிர்ந்துவிடும். தமிழாக்குபவர் 'ஆம்' சேர்க்க வேண்டிய இடத்தை அறியமாட்டார். 'யாரோ அழைத்தார்கள்', 'யாரோ அழைத்தார்களாம்', 'யாரோ அழைத்தாற்போல் இருந்தது' ஆகிய மூன்றும் வெவ்வேறு கதைகள். மூலத்திலும் இலக்கிலும் உள்ள ஒரு வேறுபாடு இடைமொழியின் குறையால் இழக்கப்படுவது தவிர்க்கத்தக்க இழப்பு.

6. முடிவுரை

மீண்டு வந்த தொடர்களைப் பற்றிய பார்வையாளர் எதிர்வினையை விருப்பு வெறுப்பாக மட்டும் கொள்ளலாகாது. அது பயிற்சியற்ற சொற்களில் கூறப்படும் சான்றுநிலைத் திறனாய்வு. அவர்கள் காரணத்தைத் தவறாகச் சுட்டலாம். நடிகரையோ எழுத்தாளரையோ பழிக்கலாம். ஆனால் எங்கோ ஓர் ஒட்டு உதிர்ந்தது என்பதைச் சரியாகவே உணர்கின்றனர். அது எந்த ஒட்டு என்று காட்டுவது மொழியியலார் கடன்; அதனை மீண்டும் அதன் இடத்தில் சேர்ப்பது மொழிபெயர்ப்பாளர் கடன்.