ஒரே சாலை, பல பருவங்கள்: டேவிட் ஹாக்னியின் இயற்கை ஓவியங்களை எப்படி ரசிப்பது?

2020 மார்ச். ஊரடங்கில் உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். பிரான்சின் நார்மண்டியில், ஒரு பழைய பண்ணை வீட்டில் இருந்த ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி, புல்வெளியில் பூத்திருந்த மஞ்சள் டாஃபடில் மலர்களை ஐபேடில் வரைந்து வெளியிட்டார். வசந்தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது என்பதை நினைவூட்டும் தலைப்பு அதற்கு. வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த எத்தனையோ பேரின் கைபேசிக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தது.

வந்த வேகத்தில் கடந்தும் போனது. ஹாக்னியின் இயற்கை ஓவியங்களுக்கு எப்போதும் நேர்வது இதுதான். பளிச்சென்ற பச்சை, ஊதா நிறத்தில் ஒரு சாலை, ஆரஞ்சு நிற மரக்கட்டைகள். முதல் பார்வையிலேயே பிடித்துவிடுகிறது. பிடித்துவிட்டதால் இரண்டாவது முறை பார்க்கத் தோன்றுவதில்லை. இன்னும் சிலருக்கு, குழந்தை வரைந்தது போல இருக்கிறதே என்ற ஐயம். இரு தரப்பும் படத்தின் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

உள்ளே போக ஒரு திறவுகோல் உண்டு. ஹாக்னி இடத்தை மட்டும் வரையவில்லை. அந்த இடத்தின் மீது காலம் நடந்துபோவதை வரைகிறார். இதைப் பிடித்துக்கொண்டால், எதைப் பார்ப்பது, எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

நீச்சல்குளத்திலிருந்து கிராமச் சாலைக்கு

1937இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள பிராட்ஃபோர்டில் பிறந்தவர் ஹாக்னி. 1964இல் லாஸ் ஏஞ்சலஸ் போனார். அங்கே வரைந்த நீச்சல்குளங்களே அவரை உலகப் புகழுக்குக் கொண்டுசென்றன. அந்த வெயிலும் நீலத் தண்ணீரும் அவருடைய அடையாளமாகிவிட்ட பிறகு, அறுபதாவது வயதை ஒட்டி, பிறந்த மண்ணின் பக்கம் திரும்பினார்.

1997இல் அவருடைய நெருங்கிய நண்பர் ஜொனாதன் சில்வர் புற்றுநோயால் இறுதிக் கட்டத்தில் இருந்தார். அவரைப் பார்க்க ஹாக்னி கிழக்கு யார்க்‌ஷயரின் குன்றுகளுக்கு ஊடே அடிக்கடி காரோட்டிப் போனார். பதின்ம வயதில் கோடை விடுமுறைகளில் வயல் வேலை செய்த நிலம் அது. அந்தப் பயணங்களிலிருந்து, வளைந்து நெளிந்து ஏறி இறங்கும் சாலைகளின் ஓவியங்கள் பிறந்தன. பின்னர் கடலோர ஊரான பிரிட்லிங்டனில் தங்கி, சுற்றுவட்டார மரங்களையும் வேலிகளையும் ஆண்டுக்கணக்கில் வரைந்தார். உலகில் எங்கு வேண்டுமானாலும் போகக்கூடியவர், யாருக்கும் தெரியாத ஒரு கிராமத்துச் சாலையைத் தேர்ந்தெடுத்துத் திரும்பத் திரும்ப அங்கேயே போய் நின்றார். வோல்ட்கேட் என்ற பழைய ரோமானியச் சாலை அது.

தலைப்பில் உள்ள தேதியைப் படியுங்கள்

கண்காட்சியில் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெயர்ப்பலகைக்குப் போவோம். ஹாக்னியிடம் அந்தப் பலகையைத் தவறவிடக் கூடாது. 2006இல் அவர் வரைந்த ‘வோல்ட்கேட் உட்ஸ்’ தொடரில், காட்டுக்குள் பாதை பிரியும் ஒரே இடம் பல ஓவியங்களில் வருகிறது. ஒவ்வொன்றும் ஆறு கேன்வாஸ்களைச் சேர்த்துச் செய்தது. வேறுபடுத்திக் காட்டுவது தலைப்பிலுள்ள தேதிதான்: மார்ச் 30 முதல் ஏப்ரல் 21 வரை ஒன்று, அக்டோபர் 24, 25, 26 என்று ஒன்று.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வகுத்த தொல்காப்பியத்தின் வாரிசுகளான நமக்கு இந்த வழி எளிதில் பிடிபடும். பெரும்பொழுது (பருவம்) எது, சிறுபொழுது (நாளின் வேளை) எது என்று ஒவ்வொரு படத்திடமும் கேளுங்கள். நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? தரையில் கிடப்பது சருகா, புதுப் புல்லா? கிளைகளுக்கு இடையே வானம் எவ்வளவு தெரிகிறது? வசந்தத்தின் தொடக்கத்தில் வானம் நிறையத் தெரியும். கோடையில் இலைகள் அதை மூடிவிடும். ஒரே இடத்தின் இரண்டு படங்களை அருகருகே வைத்து இந்தக் கேள்விகளைக் கேட்டால், ஒரு படத்தை மட்டும் பார்க்கையில் தெரியாத ஒன்று தெரியத் தொடங்கும்.

இலையற்ற மரத்திலிருந்து தொடங்குங்கள்

வசந்தத்தின் வருகை ஏன் இவருக்கு இவ்வளவு பெரிய விஷயம் என்பது வெயில் நாட்டிலிருந்து பார்க்கும் நமக்கு உடனே புரியாது. வட இங்கிலாந்தில் டிசம்பர் மாதம் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பெரும்பாலான மரங்கள் மாதக்கணக்கில் மொட்டையாக நிற்கும். அந்த நீண்ட இருளுக்குப் பிறகு சின்னஞ்சிறு வெண்பூக்கள், பிறகு டாஃபடில், மே மாத வாக்கில் வேலியோரமெங்கும் ஹாதார்ன் புதரின் வெள்ளைப் பூக்குவியல் என்று படிப்படியாக வசந்தம் ஏறி வருகிறது. ஹாதார்ன் பூக்கும் காலம் குறுகியது. அதைப் பிடிக்க ஹாக்னி அதிகாலையிலேயே சாலைக்குப் போய்விடுவார்.

ஆகவே பூத்துக் குலுங்கும் படங்களிலிருந்து தொடங்காதீர்கள். முதலில் ‘பிக்கர் ட்ரீஸ் நியர் வார்ட்டர்’ ஓவியத்தைப் பாருங்கள். 2007இல் வரைந்தது, 50 கேன்வாஸ்கள், ஏறத்தாழ 12 மீட்டர் அகலமும் நாலரை மீட்டர் உயரமும் கொண்டது. இலையே இல்லாத மரங்கள் வானத்தில் கிளை பரப்பி நிற்கின்றன. சில கேன்வாஸ்களாகத் தூக்கிக்கொண்டுபோய் வெட்டவெளியில் வரைந்தார். முழுப் படத்தையும் எட்டி நின்று பார்க்குமளவு இடம் இல்லாததால், வரைந்தவற்றைப் புகைப்படம் எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்த்துப் பார்த்துக்கொண்டார். மரங்களில் தளிர் விடுவதற்குள் முடித்தாக வேண்டும் என்ற கெடுவும் இருந்தது. 2008இல் இந்த ஓவியத்தை டேட் அருங்காட்சியகத்துக்குக் கொடையாக அளித்துவிட்டார்.

இலை உதிர்ந்த மரத்தில்தான் அதன் கட்டமைப்பு தெரியும். ஒவ்வொரு கிளையும் எங்கே பிரிகிறது, எங்கே வெளிச்சம் தேடி வளைகிறது என்று பின்தொடருங்கள். அதன் பிறகு கோடைப் படங்களுக்கு வந்தால், அந்தப் பச்சைத் திரளுக்குப் பின்னால் இருக்கும் எலும்புகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கண்ணை நடக்க விடுங்கள்

புகைப்படம் ஒற்றைக் கண்ணால், ஒரு நொடியைப் பார்க்கிறது. மனிதர்கள் அப்படிப் பார்ப்பதில்லை என்பது ஹாக்னியின் நெடுநாள் வாதம். நாம் தலையைத் திருப்புகிறோம், அருகே பார்க்கிறோம், தூரத்துக்குப் போகிறோம், திரும்பி வருகிறோம். 1986இல் அவர் உருவாக்கிய ‘பேர்பிளாசம் ஹைவே’ இந்த வாதத்தின் செயல்வடிவம். கலிபோர்னியப் பாலைவனச் சாலைச் சந்திப்பு ஒன்றைத் துண்டு துண்டாக, பல நாட்கள் எடுத்த நூற்றுக்கணக்கான புகைப்படங்களை ஒட்டிச் செய்த படம் அது.

யார்க்‌ஷயர் ஓவியங்களிலும் அதே பார்வைதான். பல கேன்வாஸ்களைச் சேர்த்து வரைவது அளவைப் பெரிதாக்க மட்டுமில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தனிப் பார்வை கிடைக்கிறது. கேன்வாஸ்களுக்கு இடையிலான கோட்டைக் குறையாக நினைத்து ஒதுக்காதீர்கள். உங்கள் கண் ஒரு இடத்தை விட்டு அடுத்த இடத்துக்கு நகரும் தருணம் அது.

நேரில் பார்க்க வாய்த்தால் முதலில் தூரத்தில் நின்று முழுவதையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு, தூரிகைத் தடம் தனித்தனியாகத் தெரியும் வரை நெருங்குங்கள். அடுத்து, படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடங்கள். சாலை உங்களோடு திரும்புவதை உணர்வீர்கள்.

கோடுகளை எண்ணாமல் வகைப்படுத்துங்கள்

ஹாக்னி முதலில் கோட்டோவியர், பிறகுதான் வண்ணக்காரர். அருகே போய்ப் பார்த்தால் புல்லுக்கு ஒரு தீற்றல், சருகுக்கு ஒன்று, ஈரமான சாலைக்கு ஒன்று, தூரத்து வயலுக்கு வேறொன்று என்று தனித்தனியாக இருப்பது புலப்படும். எல்லா இலைகளையும் ஒரே மாதிரிப் புள்ளிகளால் நிரப்பும் ஓவியருக்கும் இவருக்கும் வித்தியாசம் இங்கேதான். ஆம்ஸ்டர்டாமின் வான்கோ அருங்காட்சியகம் 2019இல் இருவரின் படைப்புகளையும் சேர்த்து வைத்து ஒரு கண்காட்சி நடத்தியது. தடங்களின் இந்தச் செழிப்பில் வான்கோவிடம் ஹாக்னி கற்றது நிறைய.

இதற்குச் சிறந்த பயிற்சி, அவர் 2013இல் கரித்துண்டால் வரைந்த 25 படங்கள். ஐந்து இடங்கள், ஒவ்வொன்றும் குளிர்காலத்திலிருந்து வசந்தம் வரை ஐந்து முறை. நிறமே கிடையாது. ஆனாலும் தேங்கிய மழைநீரில் விழும் வெளிச்சமும், இலைகள் அடர அடர நிழல் கனப்பதும் தெரிகின்றன. அவருடைய வண்ணங்கள் உங்களை உறுத்துகின்றன என்றால் இங்கிருந்து தொடங்குங்கள்.

நிறத்தைச் சந்தேகிக்கும் முன்

மரத்தண்டு ஊதாவாகவா இருக்கும் என்ற கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு வெளியே போய்ப் பாருங்கள். மழை பெய்து ஓய்ந்த மாலையில் நனைந்த மரப்பட்டையைப் பார்த்தால், நாம் பழுப்பு என்று பெயர் சூட்டி நகர்ந்துவிட்ட இடத்தில் கருநீலமும் ஊதாவும் செம்மையும் இருக்கின்றன. வெயிலில் மஞ்சளாகத் தெரியும் மண்ணின் மீது விழும் நிழல் நீலம் காட்டுகிறது. ஹாக்னி இல்லாத நிறத்தைப் பூசவில்லை. இருப்பதன் குரலைக் கூட்டுகிறார். 2009இல் வரைந்த ‘வின்டர் டிம்பர்’ ஓவியத்தில் வெட்டிக் கிடக்கும் கட்டைகள் ஆரஞ்சாக எரிவதும், பக்கத்தில் அறுபட்ட மரம் ஊதாவாக நிற்பதும் அப்படித்தான். வெட்டுண்ட மரங்களின் துக்கம் அந்தப் படத்தில் நிறத்தின் வழியாகவே நமக்கு வருகிறது.

ஐபேடில் பெற்றதும் இழந்ததும்

2010இல் ஐபேட் வந்ததும் ஹாக்னி அதைக் கையில் எடுத்துக்கொண்டார். வண்ணம் காயக் காத்திருக்க வேண்டாம். விடியும் நேரத்தில் மாறிக்கொண்டே இருக்கும் ஒளியைத் துரத்தலாம். திரையே ஒளிர்வதால் இருட்டில்கூட வரையலாம். நார்மண்டியில் அவர் வரைந்த நிலவுக் காட்சிகள் இதனால்தான் சாத்தியமாயின. வோல்ட்கேட்டில் 2011இல் வசந்தம் வந்ததைப் பற்றிய பெரும் தொகுதியில் 51 ஐபேட் படங்களும், 32 கேன்வாஸ்கள் கொண்ட ஓர் எண்ணெய் ஓவியமும் உண்டு. 2012இல் லண்டன் ராயல் அகாடமியில் அவை ஒரே அறையைச் சூழ்ந்து தொங்கின.

இழப்பும் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தின் கனம், தூரிகை விட்டுச் சென்ற மேடு பள்ளம் எதுவும் அச்சிட்ட ஐபேட் படத்தில் கிடையாது. மிகப் பெரிதாக்கிய சில படங்கள் சற்றே வெறுமையாகத் தெரிகின்றன என்பது என் எண்ணம். அதனால் எண்ணெய் ஓவியத்திடம் கேட்பதை இவற்றிடம் கேட்காதீர்கள். எந்த அடுக்கு முதலில் வந்தது, எது அதன் மேல் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். ஐபேடில் வரைவது கோடு கோடாகப் பதிவாகும். அந்தப் பதிவுகளை ஹாக்னியே கண்காட்சிகளில் ஓடவிட்டிருக்கிறார். ஒரு மரம் எந்தக் கோட்டில் தொடங்கியது என்பதைக் கண்ணெதிரே காண்பது அரிய பாடம்.

ஓர் ஆண்டின் ஓரமாக நடப்பது

நார்மண்டியில் 2020 வசந்தத்தில் வரைந்த 116 படங்கள் 2021இல் ராயல் அகாடமிக்கு வந்தன. அவர் அங்கே நிறுத்தவில்லை. ஓராண்டு முழுவதும் வரைந்த ஐபேட் படங்களை இணைத்து, ‘எ இயர் இன் நார்மண்டி’ என்ற சுமார் 90 மீட்டர் நீளத் தொடர் ஓவியத்தை உருவாக்கினார். அவர் இருந்த வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத பாயோ நகரத்தின், 1066இன் நார்மன் படையெடுப்பைச் சொல்லும் 11ஆம் நூற்றாண்டுத் துணிச் சித்திரமே இதற்குத் தூண்டுதல். சுமார் 70 மீட்டர் நீளம். ஊசியும் நூலும் கொண்டு செய்தது. அதில் நிழல் இல்லை, எல்லாம் போய்ச் சேரும் ஒற்றைப் புள்ளியும் இல்லை. கையால் சுருள் விரித்துப் பார்க்கும் சீன நிலக்காட்சி ஓவியங்களும் ஹாக்னிக்கு நெடுநாள் ஆசான்கள். அவற்றில் ஒன்றைப் பற்றி 1988இல் வந்த ஒரு திரைப்படத்தில் அவரே விளக்கிப் பேசினார்.

இந்த 90 மீட்டரை நின்று பார்க்க முடியாது, நடந்தாக வேண்டும். குளிரில் மொட்டையாக நின்ற மரம் சற்றுத் தள்ளிப் பூக்கிறது; இன்னும் தள்ளிக் காய்க்கிறது; மழை வருகிறது, மூடுபனி வருகிறது, மீண்டும் பனி விழுகிறது. எந்த இடத்தில் பருவம் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட முயலுங்கள். முடியாது. பருவங்கள் மாறுவதும் அப்படித்தான். முடிந்ததும் எதிர்த்திசையில் ஒருமுறை நடந்து திரும்புங்கள்.

இது முதலில் 2021 அக்டோபரில் பாரிஸின் ஒரான்ஜரி அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. மோனேயின் அல்லிக்குளங்கள் நீள்வட்ட அறைகளைச் சுற்றி நிற்கும் இடம் அது. இதே தொடர், புதிய ஓவியங்களோடு லண்டன் சர்பென்டைன் நார்த் கேலரியில் 2026 மார்ச் 12 முதல் ஆகஸ்ட் 23 வரை இலவச அனுமதியோடு காட்சிக்கு என்று அறிவிக்கப்பட்டது. யார்க்‌ஷயர் பக்கம் போகிறவர்கள், நண்பர் சில்வர் வாங்கிக் கலைக்கூடமாக்கிய சால்ட்ஸ் மில்லுக்குப் போகலாம். சால்டேர் ஊரின் அந்தப் பழைய ஆலைக் கட்டடத்தில் ஹாக்னியின் படைப்புகளை எப்போதும் பார்க்கலாம்.

இங்கிருந்தே தொடங்க

பயணம் எல்லோருக்கும் கைகூடாது. நூல்களிலும் இணையத்திலும் பார்ப்பவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அளவு. 12 மீட்டர் ஓவியம் கைபேசியில் விரலளவு ஆகிவிடுகிறது. முடிந்தவரை பெரிய திரையில், பகுதி பகுதியாகப் பாருங்கள். மாறாக, ஐபேட் படங்களுக்குத் திரைதான் பிறந்த வீடு. அவற்றைத் தயங்காமல் திரையில் ரசிக்கலாம்.

அதோடு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். தெருவோரப் புங்கமோ, பள்ளி வாசல் வேம்போ, பேருந்து நிறுத்தத்துக் கொன்றையோ எதுவானாலும் சரி. புங்கம் பங்குனியை ஒட்டி இலை உதிர்த்துப் பளபளக்கும் தளிரை விரிக்கிறது. வேம்பு சித்திரையில் பூக்கிறது. கொன்றை கோடையில் மஞ்சளைச் சரம் சரமாகத் தொங்கவிடுகிறது. வாரம் ஒருமுறை அதே இடத்தில் நின்று, ஒரு தாளில் தேதியை எழுதி, வரையத் தெரியாவிட்டாலும் ஐந்தாறு கோடுகள் இழுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பிவிட்டு வோல்ட்கேட் படங்களைத் திறந்து பாருங்கள். எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஹாக்னி ஒவ்வொரு கோட்டிலும் எடுத்த முடிவு, அப்போது உங்களுக்கும் பழக்கமான கேள்வியாக இருக்கும்.