பின்பம்பருக்குள் சிக்கும் காற்று

ரேஸ் ட்ராக்கில் உங்களுக்கு முன்னால் போகும் ஹேட்ச்பேக்கின் பின்பம்பரை ஒருமுறை கவனியுங்கள். வேகம் 120 கி.மீ.-ஐத் தாண்டியதும் அதன் கீழ் விளிம்பு படபடவென்று அடித்துக்கொள்ளும். வெளியே தெரியும் பம்பர் வெறும் பிளாஸ்டிக் தோல்தான். காருக்கு அடியில் ஓடிவரும் காற்று ஸ்டெப்னி கிண்ணத்தைத் தாண்டியதும் மேலெழுந்து, அந்தத் தோலின் உட்குழிவில் போய் முட்டுகிறது. காற்றுக்கு எதிரே முறத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது போலத்தான் இது. தொண்ணூறுகளின் ஹோண்டா சிவிக், மஸ்டா எம்எக்ஸ்-5 கார்களை ட்ராக்கில் ஓட்டும் ஜப்பானிய, அமெரிக்க ஓட்டுநர்கள் இதைப் பாராசூட் என்றே சொல்வார்கள்; பம்பரின் கீழ்ப்பாதியை அறுத்து எறிந்தும் விடுவார்கள்.

அறுப்பதால் உண்மையில் எவ்வளவு லாபம் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். அலுவலகத்துக்கும் அதுதான், இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கும் அதுதான். ஆகவே ஒரிஜினல் பம்பரைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, புதுப்பேட்டையில் அதே மாடலின் பழைய பம்பர் ஒன்றை வாங்கி வந்தேன். பட்டறையில் டிங்கரிங் பார்க்கும் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒடஞ்ச பம்பரை ஒட்டித் தரச் சொல்லி வருவாங்க சார். நல்லா இருக்கிறதை ஓட்டை போடச் சொல்றது நீங்கதான்" என்றார். ஆனால் அளவெடுத்துக் கோடு போடுவதில் அவ்வளவு நேர்த்தி.

வெட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். இதற்குக் காற்றுச் சுரங்கம் தேவையில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை 'யு' வடிவில் வளைத்து, வண்ணத் தண்ணீர் ஊற்றி, காருக்குள் ஒரு பலகையில் செங்குத்தாகக் கட்டினேன். ஒரு முனை பம்பரின் உட்குழிவுக்கு, மறுமுனை பம்பரின் வெளிமுகத்துக்கு. இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பம்பரைப் பின்னால் இழுக்கும் அழுத்தம். வேகத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் தண்ணீர் தளும்பும். நேர்பாதையில் சீரான வேகத்தில் போகும்போது பதிவான செல்போன் வீடியோவை மட்டுமே கணக்கில் எடுத்தேன். பம்பரின் கீழ் விளிம்பில் விரல் நீளக் கம்பளி நூல்களை டேப் போட்டு ஒட்டி, அவற்றையும் சிறு கேமராவில் படம்பிடித்தேன்.

கைபடாத பம்பரோடு 100 கி.மீ. வேகத்தில் மட்ட வித்தியாசம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். கேட்க அற்பமாக இருக்கும். ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். பம்பரின் பரப்பு சதுர மீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்றால், 2 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலான இழுவை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 140 கி.மீ. வேகத்தில் இந்த ஒரு குழிவுக்கு மட்டும் 2 குதிரைத்திறனுக்கு மேல் போகிறது. இந்த அளவுள்ள கார் அந்த வேகத்தில் காற்றைக் கிழிக்கவே சுமார் 30 குதிரைத்திறன் செலவழிக்கிறது. அதில் 2 என்பது சிறிய எஞ்சினுக்குப் பெரிய தொகை.

முதலில் ஓட்டை போட்டோம். நம்பர் பிளேட்டுக்கு இருபுறமும், ஹோல்-சாவால் உள்ளங்கை அகலத் துளைகள், பக்கத்துக்கு மூன்று. வித்தியாசம் பாதியாகக் குறைந்தது. படபடப்பும் அடங்கியது. ஆனால் நூல்கள் வேறு கதை சொல்லின. கீழ் விளிம்பில் இருந்தவை இன்னும் உள்பக்கமாகவே மடிந்து கிடந்தன. அதாவது காற்று உள்ளே நுழைவது நிற்கவில்லை, வெளியேற வழி மட்டும் கிடைத்திருக்கிறது.

அடுத்து, காற்று உள்ளே வராமல் அடைப்பது. பெயர்ப்பலகைக்காரர்கள் பயன்படுத்தும் ஏசிபி (அலுமினியக் கலப்புத் தகடு) ஷீட்டை வாங்கி, ஸ்டெப்னி கிண்ணத்தின் பின்விளிம்பிலிருந்து பம்பரின் கீழ் விளிம்பு வரை அடித்தளமாகப் பொருத்தினோம். பின்பக்கம் சுமார் 7 டிகிரி மேல்நோக்கிய சாய்வு. சாய்வைக் கூட்டினால் நல்லது என்று நினைத்து 15, 20 என்று வைப்பவர்கள் உண்டு. அந்தச் சாய்வில் காற்று தகட்டை ஒட்டி வராமல் பிய்த்துக்கொண்டு சுழலும், செய்த வேலை வீண். சைலன்சரைச் சுற்றி நன்றாக இடைவெளி விட்டு வெட்டினோம், ஏனென்றால் ஏசிபி-யின் நடுவில் இருப்பது பிளாஸ்டிக், சூட்டில் இளகும். தண்ணீர் வடியத் துளைகளும், தகடு கீழே தொங்காமலிருக்க இரண்டு கம்பி இழுப்புகளும் கொடுத்தோம்.

பலன் உடனே தெரிந்தது. தண்ணீர் மட்டம் கிட்டத்தட்டச் சமம். நூல்கள் அத்தனையும் பின்னோக்கி நேராக நின்றன. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வேகமான முதல் வளைவுக்குள் நுழையும்போது காரின் பின்பக்கம் லேசாக மிதப்பது போன்ற உணர்வும் குறைந்தது. குழிவில் தேங்கும் காற்று டிக்கித் தரையைக் கீழிருந்து மேலே தள்ளுவது நின்றுவிட்டது என்பதே என் ஊகம்.

லேப் நேரம்? 3.717 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் உள்ள ட்ராக்கில், அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளிலேயே என் நேரம் அரை நொடி முன்பின் ஆகிறது. வெயில் ஏறினால் டயர் வழுக்கும், பிரேக் சூடாகும். அந்த ஏற்ற இறக்கத்தில் 2 குதிரைத்திறனின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடியாது. பம்பரை அறுத்ததும் லேப் நேரம் குறைந்தது என்று யாராவது சொன்னால், டயர் அழுத்தத்தையும் அன்றைய வெப்பத்தையும் கேளுங்கள்.

கடைசியாக, கீழ்ப்பாதியை முழுதாக அறுத்தும் பார்த்தோம். எடை கொஞ்சம் குறைந்தது, குழிவு போனது. ஆனால் திறந்துகிடக்கும் சைலன்சரும் பிராக்கெட்டுகளும் காற்றைக் கலக்கின. தகடு பொருத்தியபோது கிடைத்த ஒழுங்கு இதில் இல்லை. ட்ராக்குக்கு மட்டுமே என்று வைத்திருக்கும் கார் என்றால் அறுக்கலாம். அப்போதும் தோலுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குறுக்குச்சட்டத்தைத் தொடாதீர்கள். பின்னால் வருபவர் இடித்தால் உங்களைக் காப்பது அதுதான். இழுவைக் கொக்கி மாட்டும் இடத்தையும் மறைக்காதீர்கள்.

சாலையில் ஓடும் காருக்கு இது வேண்டாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. நான் ட்ராக் நாள் முடிந்ததும் தகட்டைக் கழற்றி, ஒரிஜினல் பம்பரை மாட்டிக்கொள்கிறேன். கிளிப்புகளும் எட்டு போல்ட்டும்தான், முக்கால் மணி நேர வேலை.

உங்கள் காரில் செய்வதாக இருந்தால் முதலில் குழாயும் நூலும் வாங்குங்கள். அடுத்து அடித்தகடு. அதுவும் போதவில்லை என்று தண்ணீர் மட்டம் சொன்னால் மட்டும் துளை போடுங்கள்.