சிறந்த சேவை விருதும் மருத்துவமனை விழுமியங்களும்

மலேசிய சுகாதார அமைச்சு தன் ஊழியர்களுக்கு மூன்று விழுமியங்களை வகுத்துத் தந்திருக்கிறது: பரிவு, தொழில் நெறி, குழுவாகப் பணியாற்றுதல். இவற்றை வார்டில் உண்மையாகவே கடைப்பிடிக்கும் ஊழியரை அடையாளம் கண்டு, சக ஊழியர் முன்னிலையில் பாராட்டிச் சான்றிதழோ சிறு தொகையோ வழங்குவது உலகெங்கும் மருத்துவமனைகளில் வேரூன்றிவிட்ட நடைமுறை. பார்த்த நோயாளிகள் எத்தனை, செய்த அறுவை சிகிச்சைகள் எத்தனை என்று எண்ணித் தரும் ஊக்கத்தொகையிலிருந்து இது வேறுபட்டது. வேலையின் அளவை விட்டுவிட்டு வேலை செய்த விதத்தை எடைபோட முயல்கிறது. அதன் வலிமையும் சிக்கலும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங் வட்டார மக்களுக்கு நோய் வந்தால் இரண்டு வகை மருத்துவமனைகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. ஒன்று, ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை. மாநிலத்தின் மிகப்பெரிய அரசு மருத்துவமனை இதுவே. மற்றொன்று, ஜெலுத்தோங்கை ஒட்டிய பத்து லஞ்சாங்கில் இயங்கும் லாம் வா ஈ மருத்துவமனை. 1883இல் ஏழைகளுக்கான இலவச சீன வைத்தியசாலையாகத் தொடங்கிய இது, இன்றும் இலாப நோக்கமற்ற அமைப்பாகவே நடக்கிறது. இவற்றோடு ஜோர்ஜ்டவுனில், மேடானிலிருந்து வரும் இந்தோனேசிய நோயாளிகளைப் பெரிதும் நம்பியுள்ள தனியார் மருத்துவமனைகளும் உண்டு. அரசுத் துறையில் பாராட்டு சுற்றறிக்கையின்படி நடக்கும். தனியார் துறையில் நோயாளியின் கருத்துப் படிவத்தை வைத்தும், ஓரளவு விளம்பரத் தேவையை ஒட்டியும் நடக்கும். இரண்டிலும் அரசு வழிமுறையே விரிவாகப் பார்க்கத் தக்கது. அதன் விதிகள் எழுத்தில் உள்ளன; அதன் வரலாறும் நீண்டது.

அரசு ஊழியருக்கான சிறந்த சேவை விருதை மலாய்ச் சுருக்கத்தில் ‘ஏபிசி’ என்றே எல்லாரும் சொல்வார்கள். ஒரு துறையின் ஊழியர்களில் 8 விழுக்காடு வரை ஆண்டுதோறும் இதைப் பெறலாம். சான்றிதழும் 1,000 ரிங்கிட்டும் கிடைக்கும். தேர்வுக்கு அடிப்படை ஆண்டுச் செயல்திறன் மதிப்பீட்டு அறிக்கை. நெடுங்காலம் புழக்கத்தில் இருந்த படிவத்தில் பொதுவாக வேலை விளைவுக்கு 50, அறிவுக்கும் திறனுக்கும் 25, தனிப்பண்புக்கு 20, அலுவலுக்கு வெளியேயான ஈடுபாட்டுக்கு 5 என மதிப்பெண் பிரிந்திருந்தது. முதல் மதிப்பீட்டாளர், இரண்டாம் மதிப்பீட்டாளர் என இரு மேலதிகாரிகள் மதிப்பெண் இடுவார்கள்; இரண்டின் சராசரியே முடிவு. பரிவு, ஒத்துழைப்பு போன்ற விழுமியங்கள் பெரும்பாலும் அந்த 20 மதிப்பெண்ணுக்குள் ஒடுங்கிவிட்டன. நோயாளிக்கும் சக ஊழியருக்கும் மதிப்பெண் இடும் கட்டம் ஒன்றுகூட இல்லை.

இதற்கு முன்னர் மதிப்பீட்டைச் சம்பளத்தோடு நேரடியாகக் கட்டிப் பார்த்த காலமும் உண்டு. 1992இல் வந்த புதிய சம்பள முறையில் ஊழியரின் ஆண்டு உயர்வு அசையாமல் நிற்கலாம், கிடையாக நகரலாம், செங்குத்தாகவோ மூலைவிட்டமாகவோ ஏறலாம். கடைசி இரண்டும் மிகச் சிலருக்கே கிடைத்தன. வேண்டியவருக்கு ஏற்றம், வேண்டாதவருக்குத் தேக்கம் என்ற புகார் தொழிற்சங்கங்களிடமிருந்து தொடர்ந்து எழுந்தது. 2002 நவம்பரில் மலேசிய சம்பள முறை வந்து அந்த ஏற்பாட்டை அகற்றியது. மேலதிகாரி ஒருவரின் கணிப்பை வைத்து மனிதரின் பண்பை அளந்து, அந்த அளவைப் பணமாக மாற்றினால் நம்பிக்கைதான் முதலில் உடையும் என்பதற்கு அந்தப் பத்தாண்டு அனுபவமே சான்று. இன்றைய விருது அந்த முறையைவிடப் பாதிப்பில் குறைந்தது. ஆனால் அதே மதிப்பீட்டு வழியில்தான் வந்தது.

குறைகளைப் பேசுமுன் நிறைகளைச் சொல்லியாக வேண்டும். அவை சிறியவை அல்ல. மருத்துவமனை வேலையில் நல்லது நடந்தால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கை நனைந்துபோன முதியவரை, பக்கத்துப் படுக்கைக்காரர் விழிக்காதபடி திரைச்சீலையை இழுத்துவிட்டு, அவர் கூசாத வகையில் துடைத்து உடை மாற்றிவிடுகிறார் ஒரு தாதி. நோயாளிக் குறிப்பேட்டில் இதற்கு ஒரு வரிதான் கிடைக்கும், அதுவும் ‘உடை மாற்றப்பட்டது’ என்று. மருந்து தவறினால் விசாரணை உண்டு. கூச்சம் காக்கப்பட்டதற்குப் பதிவேடு இல்லை. விழுமியப் பாராட்டு இந்த இடைவெளியை நிரப்புகிறது. அதைவிட முக்கியமாக, புதிதாகச் சேர்ந்தவருக்கு ‘இங்கே எது நல்ல வேலை’ என்பதைக் கதையாகச் சொல்லிக் கொடுக்கிறது. பரிவு என்ற சொல்லைப் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட அந்தத் திரைச்சீலையைப் பற்றி மூன்று வாக்கியம் சொன்னால் அது மனத்தில் நிற்கும்.

இந்த வலிமையை நன்றாகப் பயன்படுத்திய முறை அமெரிக்காவில் தோன்றிய டெய்சி விருது. 1999இல் தன்னெதிர்ப்பு நோயால் 33 வயதில் இறந்த பேட்ரிக் பார்ன்ஸ் என்பவரின் குடும்பம், கடைசி வாரங்களில் அவரைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கு நன்றி சொல்வதற்காக அதைத் தொடங்கியது. பரிந்துரையை நோயாளியோ குடும்பத்தாரோ சக ஊழியரோ எழுதலாம். எழுத வேண்டியது மதிப்பெண் அல்ல, நடந்த சம்பவம். தேர்வான தாதிக்கு ஜிம்பாப்வேயின் ஷோனா சிற்பிகள் கல்லில் செதுக்கிய சிலை பரிசாகத் தரப்படுகிறது. சம்பவம் எல்லார் முன்னிலையிலும் வாசிக்கப்படுகிறது. பணப் பரிசு இல்லாமலே இந்த விருது பல நாடுகளுக்குப் பரவியது. மலேசிய முறையோடு ஒப்பிட்டால் வேறுபாடு பரிசின் மதிப்பில் இல்லை. யார் பார்க்கிறார், எதை எழுதுகிறார் என்பதில்தான் இருக்கிறது.

இனிக் குறைகள். முதலாவது, ஒதுக்கீடு. நூறு பேர் உள்ள பிரிவில் எட்டுப் பேருக்கு மேல் கொடுக்க முடியாது என்றால் அந்த எட்டு இடங்களைப் பங்கிடும் வேலை தொடங்கிவிடுகிறது. சென்ற ஆண்டு பெற்றவருக்கு இவ்வாண்டு வேண்டாம், ஓய்வு பெறப் போகிறவருக்கு ஒன்று கொடுத்துவிடலாம் என்று விருது முறைவைத்துச் சுற்றுவதாக ஊழியரிடையே உள்ள பேச்சு எல்லா அரசு அலுவலகங்களிலும் கேட்கக் கூடியதே. முறைவைத்துக் கொடுப்பதில் ஒருவகை நியாயமும் உண்டு, பொறாமை குறையும். ஆனால் அப்போது அது விழுமியத்துக்கான விருதாக இருப்பதில்லை. நீண்டகாலப் பணிக்கான விருதாகிவிடுகிறது. அதற்கு வேறு பெயர் சூட்டிவிட்டால் நேர்மையாவது மிஞ்சும்.

நோயாளியைப் பரிந்துரைக்கச் சொன்னாலும் எல்லாம் சரியாகிவிடாது. நோயாளி பார்ப்பது முகங்களை. கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவு, ஆய்வுக்கூடம், சமையற்கூடம், மருத்துவப் பதிவேட்டு அறை ஆகியவற்றில் உள்ளவர்களை அவர் பார்ப்பதே இல்லை. மயக்கத்தில் கிடக்கும் தீவிர சிகிச்சை நோயாளி தன்னைப் புரட்டிப் படுக்கவைத்தவரின் பெயரை அறியமாட்டார். கருத்துப் படிவத்தில் முன்னிற்பது புன்னகை. கட்டணம் செலுத்தும் வெளிநாட்டு நோயாளியை ஈர்க்க வேண்டிய தனியார் மருத்துவமனையில் அந்தப் புன்னகை வேலையின் பகுதியாகவே ஆகிவிடுகிறது. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஸ்சைல்டு விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983இல் எழுதியது தாதியருக்கும் பொருந்தும்: உணர்வையே நிறுவனத்துக்கு உழைப்பாகத் தருபவர், உள்ளே வேறொன்றை உணர்ந்தபடி வெளியே மற்றொன்றைக் காட்டிக் களைத்துப்போகிறார்.

எல்லாவற்றிலும் கவலைக்குரிய குறை, விருது வாயை அடைத்துவிடலாம் என்பது. மேலாண்மை அறிஞர் ஸ்டீவன் கெர் 1975இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம், நிறுவனங்கள் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு வேறொன்றுக்குப் பரிசளிக்கின்றன என்பது. மேலதிகாரி மதிப்பெண் இடும் முறையில் ‘குழுவாகப் பணியாற்றுதல்’ எளிதில் ‘எதிர்த்துப் பேசாமை’ ஆகிவிடும். மருந்தளவு தவறு என்று நிபுணரை நிறுத்திக் கேட்கும் இளம் தாதி உண்மையில் தொழில் நெறியைக் காக்கிறார். ஆனால் படிவத்தில் அவர் ‘ஒத்துப்போகாதவர்’. 2022 ஏப்ரலில் பினாங்கு மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர் ஒருவர் கட்டடத்திலிருந்து விழுந்து இறந்தபோது, பயிற்சி மருத்துவர்கள் அவமதிக்கப்படுவது பற்றிய பழைய புகார்கள் நாடெங்கும் மீண்டும் எழுந்தன. சுகாதார அமைச்சு வேலைப் பண்பாட்டை மேம்படுத்தச் சிறப்புப் பணிக்குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. விழுமியங்களும் விருதுகளும் அதற்கு முன்பும் இருந்தன. அடிநிலையில் இருப்பவர் படும் பாட்டை மேலிடத்துக்குச் சொல்லும் வழியாக அவை அமையவில்லை. இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையிலும் இலக்குகளையும் நிதிநிலையையும் துரத்திய நிர்வாகத்தின் கீழ் நோயாளிகள் கவனிப்பாரின்றித் துன்புற்றார்கள். அதே காலத்தில், 2008இல், அதை நடத்திய நிறுவனம் உயர்தகுதி பெற்றது. 2013இல் வந்த ராபர்ட் பிரான்சிஸ் விசாரணை அறிக்கை 290 பரிந்துரைகளை முன்வைத்தது. புகார் சொன்னவர்களுக்கு யாரும் செவிமடுக்கவில்லை என்பது அதன் முதன்மையான கண்டறிதல்களுள் ஒன்று.

விருதுப் பட்டியலில் இல்லாதவர்களையும் பார்க்க வேண்டும். மலேசிய அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை, மருத்துவக் கழிவகற்றல், கட்டடப் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு ஆகிய ஐந்து சேவைகள் 1997 முதல் தனியார் நிறுவனங்களின் கைக்குப் போயின. வார்டின் தரையைத் துடைப்பவர், நோயாளியின் குப்பைத் தொட்டியை மாற்றுபவர் அன்றிலிருந்து மருத்துவமனையின் ஊழியர் அல்ல, ஒப்பந்த நிறுவனத்தின் ஊழியர். அவர்களுள் இந்தியப் பெண்கள் கணிசமானவர்கள். தமிழ் மட்டுமே பேசும் பாட்டிக்கு மருத்துவர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதும், தண்ணீர்க் குவளையைக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும் பல வேளைகளில் அவர்களே. எழுதப்படாத இந்த வேலையைவிடத் தெளிவான பரிவு எதுவும் வார்டில் இல்லை. ஆனால் அரசு ஊழியர் விருதுக்கு அவர்கள் தகுதியற்றவர்கள். கோவிட் காலத்தில் அவர்களும் முன்னணிப் பணியாளர்களே. 2020 ஜூன் 2ஆம் நாள் ஈப்போ அரசு மருத்துவமனை முன்பு துப்புரவுப் பணியாளர்களின் உரிமை கோரி நடந்த மறியலில் தொழிற்சங்கச் செயற்பாட்டாளர்கள் ஐவர் கைது செய்யப்பட்டனர். முன்னணிப் பணியாளருக்குக் கைதட்டல் ஒலித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில்தான் இது நடந்தது.

பாராட்டு உரிமைக்கு ஈடாக நிறுத்தப்படும்போது அதை ஏற்க ஊழியர்கள் மறுப்பது இயல்பு. 2016 இறுதியில் ஒப்பந்த முறைக்கு மாற்றப்பட்ட இளம் மருத்துவர்கள், 2021 ஜூலை 26ஆம் நாள் கறுப்பு உடையில் மருத்துவமனைகளிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். அவர்கள் கேட்டது நிரந்தரப் பணியும் மேற்படிப்பு வாய்ப்பும். 2024இல் தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 ஆக்கும் அறிவிப்பு எதிர்ப்பைக் கிளப்பித் தள்ளிப்போடப்பட்டது. 1,000 ரிங்கிட் விருது இப்படிப்பட்ட பிணக்குகளைத் தீர்க்கும் கருவி அல்ல. தீர்க்கும் என்று நினைக்கும் நிர்வாகம் விருதின் மதிப்பையும் சேர்த்தே கெடுக்கிறது.

எடைபோட்டுப் பார்த்தால், நடைமுறையைக் கைவிட வேண்டிய தேவையில்லை. விருதைத் தீர்மானிக்கும் கையை மாற்ற வேண்டும். மதிப்பெண்ணுக்குப் பதில் சம்பவம், ஆண்டு விழாவுக்குப் பதில் நடந்த வாரத்திலேயே பாராட்டு, தவறைத் தடுத்து நிறுத்தியவருக்கும் இடம் ஆகிய மூன்றும் செலவில்லாதவை. சம்பளத்தோடும் பதவி உயர்வோடும் அதைக் கட்டக் கூடாது என்பதை 1992 முறையே கற்றுத் தந்துவிட்டது. ஒப்பந்தத் துப்புரவாளரை ஏபிசி விதிகளுக்குள் கொண்டுவருவது கடினம். மருத்துவமனை அளவிலான பாராட்டுக்கு அந்தத் தடை இல்லை. மலேசிய அரசு மருத்துவமனைகளுக்குப் பொதுமக்களிலிருந்து நியமிக்கப்படும் வருகையாளர் வாரியம் உண்டு. வார்டுகளைச் சுற்றிவரும் அதன் உறுப்பினர்கள் நோயாளிகளிடமும் துப்புரவாளர்களிடமும் பெயர் கேட்டு எழுதினால், பரிந்துரை மேலதிகாரியின் மேசையில் தொடங்கும் வழக்கம் முதல் ஆண்டிலேயே மாறும். பினாங்கு மருத்துவமனை அதை முதலில் செய்து பார்க்கலாம்.